நெருக்கடிக் காலத்துக் களவு: மட்டக்களப்பு, அம்பாறைக் கிராமங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022 பொருளாதார நெருக்கடியிலும் அதற்குப் பின்னும் படுவான்கரை, கிரான், வாகரை, வெல்லாவெளி, சம்மாந்துறை, திருக்கோவில், பொத்துவில் பக்கங்களில் களவு பற்றி மக்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. நகரத்தில் கடையும் வீடும் உடைபடும். கிராமத்திலோ சொத்து வெளியில்தான் கிடக்கிறது: பட்டியில் மாடு, வட்டையில் (வயல்வெளியில்) நீர் இறைக்கும் பம்பி, களத்தில் நெல், கரையில் எஞ்சின். ஆகவே பதில்களும் அவற்றைச் சுற்றியே வருகின்றன.

2022இல் ஏன் திடீரென்று இவ்வளவு களவு? பசிதானே காரணம்?

பசி ஒரு பங்கு. மரவள்ளி, தேங்காய், கோழி, வாழைக்குலை போனதெல்லாம் பெரும்பாலும் அந்தக் கணக்கில் வரும். அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். நாட்கூலிக்குப் போகிற வீட்டில் அது என்ன செய்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

ஆனால் ஒரே இரவில் ஐந்து மாடு லொறியில் ஏறுவதும், வட்டை முழுக்கப் பம்பி கழலுவதும் பசிக் களவு அல்ல. அதற்கு லொறி வேண்டும், டீசல் வேண்டும், காலையில் வாங்க ஓர் ஆள் வேண்டும். அந்தக் களவைக் கூட்டியது விலை. ரூபா விழுந்ததும் இறக்குமதிப் பொருள் எல்லாம் ஏறியது. புதுப் பம்பி வாங்க முடியாதவர் பழையதைத் தேடினார், பழையதன் விலையும் ஏறியது. செம்பு, அலுமினியம், ஈயம் எல்லாவற்றுக்கும் பழைய இரும்புக் கடையில் முன்பு கேள்விப்படாத விலை. 2021 டிசெம்பரில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல் 2022 ஜூன் கடைசியில் 470 ரூபா. 87 ரூபா மண்ணெண்ணெய் அந்த ஓகஸ்டில் 340 ரூபா. ஒரு கான் எண்ணெய்கூடக் களவெடுக்கத் தகுந்த பொருளாகிவிட்டது.

இன்னொன்று, காவல் குறைந்தது. எண்ணெய் இல்லாததால் வட்டைக்கு இரவுக்காவல் போகிறவர் போகவில்லை. பொலிஸ் ரோந்தும் குறைந்தது. 2022 மார்ச் 31 அன்று 13 மணி நேர மின்வெட்டு. அதுவும் எந்தப் பிரிவுக்கு எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே அட்டவணை போட்டுச் சொன்ன மின்வெட்டு. நமக்குத் தெரிந்த நேரம் கள்ளனுக்கும் தெரியும்.

மாடு என்னுடையதுதான் என்பதை எப்படி நிரூபிப்பது? ஊரில் எல்லோருக்கும் தெரியுமே?

ஊருக்குத் தெரிவது நீதிமன்றத்துக்குப் போதாது. பிடிபட்ட மாட்டைப் பார்த்து மூன்று பேர் “என்னுடையது” என்று நிற்பதும், கடைசியில் ஒருவருக்கும் கிடைக்காமல் போவதும் நடக்கிறது. நான்கு விடயம் சரியாக இருந்தால் அந்த வாதத்துக்கே இடமில்லை.

முதலாவது சுடுகுறி. கன்று ஒரு வயதை நெருங்கும்போது சுடுவது நல்லது. மிகவும் சிறுசாகச் சுட்டால் தோல் வளர வளர எழுத்து விரிந்து வாசிக்க முடியாமல் போகும். இரும்பு சாம்பல் நிறமாகும் வரை காய வேண்டும். செக்கச் சிவக்கக் காய்ச்சினால் தோல் வெந்து புண்ணாகும். காயாத இரும்பை நெடுநேரம் அழுத்தினால் குறி கலங்கும். மழைக்காலத்தில் ஈரத்தோலில் சுடவே கூடாது. ஆவி பரவி எழுத்து அழிகிறது.

இரண்டாவது காது இலக்கத் தகடு. அரச கால்நடை வைத்தியர் அலுவலகத்தில் பதிந்தால் போட்டுத் தருவார்கள். தகட்டைக் கள்ளன் வெட்டி எறிவான், உண்மைதான். ஆனால் அலுவலகப் பதிவேட்டில் அந்த இலக்கத்துக்கு நேரே நிறமும் வயதும் உங்கள் பெயரும் இருக்கும். தகட்டைவிடப் பதிவேடுதான் பெறுமதி.

மூன்றாவது உரிமைச் சீட்டு. 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டத்தின் கீழ் வருவது. விற்றால், வாங்கினால், சீதனமாகக் கொடுத்தால் உடனே பெயர் மாற்றுங்கள். பட்டி முழுக்க இறந்துபோன தகப்பனார் பெயரில் இருப்பதுதான் இங்கே வழக்கமான சிக்கல். பொலிசில் முறைப்பாடு கொடுக்கும் அன்று அது தலைவலியாக வரும்.

நான்காவது போட்டோ. ஒவ்வொரு மாட்டுக்கும் இடப்பக்கம், வலப்பக்கம், முகம், குறி நெருக்கமாக என நான்கு படம். போன் தொலைந்தாலும் இருக்கும்படி மகனுக்கோ மருமகனுக்கோ அனுப்பி வையுங்கள். காதுவெட்டை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு வெட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு வெட்டுப் போட்டால் அது வேறொருவர் குறி.

மாடு காணவில்லை. முதல் நாள் என்ன செய்ய வேண்டும்?

பட்டிக்காரர் இரண்டு மூன்று நாள் காட்டில் தேடிவிட்டுத்தான் பொலிசுக்குப் போகிறார். மாடு தானாக வழிமாறியிருக்கலாம் என்ற எண்ணம். அதற்குள் இறைச்சி விற்று முடிந்திருக்கும்.

விடிந்ததும் பட்டியடைப்பைச் சுற்றிப் பாருங்கள். வழிமாறிய மாடு மேய்ந்து மேய்ந்து வளைந்து போகும். ஓட்டிச் சென்ற மாட்டின் அடி நேராக, நெருக்கமாக, பாதையை நோக்கிப் போகும். பின்னால் மனிதக் காலடி இருக்கும். லொறியில் ஏற்றிய இடத்தில் மண் திட்டோ வரம்போ வாய்க்கால் கரையோ இருக்கும். பலகை வைத்து ஏற்ற உயரமான இடம் தேவை. அங்கே சாணம், கயிற்றுத் துண்டு, டயர் அடையாளம் கிடைக்கும். மிதிக்காமல் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்து எடுத்தால் டயர் அகலம் பின்னால் கணக்கிடலாம்.

அடையாளம் ஓட்டிப்போனதைக் காட்டினால் அந்த நிமிடமே 119க்கு அழையுங்கள். பிறகு அந்த இடத்துக்குரிய பொலிஸ் நிலையத்துக்குப் போங்கள். மாட்டை ஏற்றிச் செல்ல உரிமைச் சீட்டு, கால்நடை வைத்தியரின் உடல்நலச் சான்றிதழ், ஏற்றிச்செல்லும் அனுமதிப்பத்திரம் மூன்றும் வேண்டும். வீதித் தடையில் மறிக்கும் பொலிசார் அதைத்தான் கேட்பார்கள். லொறியின் நிறம் மட்டும் தெரிந்தாலும் சொல்லுங்கள். கிராம உத்தியோகத்தருக்கும் அன்றே அறிவியுங்கள்.

தலையும் தோலும் மட்டும் கிடக்கிறது. புதைத்து விடலாமா?

புதைக்க வேண்டாம். அதுதான் உங்கள் வழக்கு. சுடுகுறி உள்ள தோல் துண்டும் காதும் தலையும் உரிமையை நிரூபிக்கும். நாயும் காகமும் இழுக்காமல் ஒருவர் காவல் நிற்கட்டும், ஓலையால் மூடி வையுங்கள், வெயிலில் இழுத்துப் போட வேண்டாம். பொலிசுக்கும் கால்நடை வைத்தியருக்கும் ஒரே நேரத்தில் சொல்லுங்கள். வைத்தியர் பார்த்து எழுதும் அறிக்கையில் வயது, பால், சினை, இறந்து எவ்வளவு நேரம் என்பன வரும். சினை மாடு என்றால் அதைக் கட்டாயம் குறிப்பிடச் சொல்லுங்கள். நட்டக் கணக்கு மாறும். கத்தி, கயிறு, பீடித்துண்டு, வெற்றுப் போத்தல் எதையும் கையால் தொடக் கூடாது.

அந்த இறைச்சியைச் சமைத்துச் சாப்பிடவும் வேண்டாம். எங்கே எப்படி வெட்டினார்கள், மாட்டுக்கு என்ன நோய் இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

மயிலத்தமடு, மாதவனையில் மாடு சாவதும் இதே களவா?

அதை இதோடு சேர்க்கக் கூடாது. அங்கே மேய்ச்சல்தரைக்கே உரிமைப் பிரச்சினை. மேய்ச்சல்தரையில் அத்துமீறிப் பயிர் செய்வதை எதிர்த்து 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். அங்கே மாடு சுடப்பட்டாலோ வெட்டுப்பட்டாலோ “களவு” என்று மட்டும் பதிந்தால் விடயம் சிறுத்துப் போகும். கால்நடையைக் கொன்றது அல்லது ஊனமாக்கியது என்று தனியாக முறைப்பாடு கொடுக்க வேண்டும். காயத்துக்கு வைத்திய அறிக்கையும் இடத்தின் போட்டோவும் இணைக்க வேண்டும். பிரதியைப் பிரதேச செயலாளருக்கும் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் அனுப்பலாம். ஆணைக்குழுவின் தொலைபேசி 1996.

வயல் பம்பியை எப்படிப் பாதுகாப்பது? ஒவ்வொரு நாளும் வீட்டுக்குத் தூக்க முடியாது.

2 அங்குலம், 3 அங்குலம் பம்பியின் பலவீனமே அதுதான், ஒருவர் தூக்கி மோட்டார் சைக்கிளில் வைத்துக்கொண்டு போகலாம். பம்பி நிற்கும் இரும்புச் சட்டத்தின் நான்கு நட்டைக் கழற்றப் பத்து நிமிடம்கூட ஆகாது.

நிரந்தரமாக ஒரே இடத்தில் இறைப்பவர் கொங்கிரீட் தளம் போடுங்கள். இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஓரடி ஆழம் போதும். போல்ற்றை நேராகப் புதைத்தால் சுழற்றிப் பிடுங்கி விடுவார்கள். அடியை வளைத்துப் புதையுங்கள். நட்டை இறுக்கியபின் போல்ற்றின் மேல்முனையைச் சுத்தியலால் தட்டிச் சப்பையாக்கினால் சாவி ஏறாது. பழுதுபார்க்க வேண்டி வரும்போது வெட்டும் மெசினால் அறுத்து எடுக்க வேண்டும். அந்தச் செலவு இருக்கத்தான் செய்யும். குத்தகைக் காணியில் தளம் போட முடியாதவர்கள் 8 மில்லிமீற்றருக்குக் குறையாத சங்கிலியைச் சட்டத்தின் ஊடாக மரத்தில் சுற்றிப் பூட்டுங்கள். பூட்டு நிலத்தில் கிடந்தால் கல்லில் வைத்து அடித்து உடைப்பான். இடுப்பு உயரத்தில் தொங்கினால் அடிக்க வசதி இல்லை.

அதைவிட முக்கியம் அடையாளம். எஞ்சின் இலக்கத் தகடு இரண்டு ஆணியில் நிற்பது. முதலில் போவது அதுதான். எஞ்சின் உடலில் வார்த்தபடியே உள்ள இலக்கத்தைத் தேடிப் படம் எடுங்கள். கூடவே காற்றாடி மூடியைக் கழற்றி உட்புறத்தில் உங்கள் அடையாள அட்டையின் கடைசி ஐந்து இலக்கத்தை இலக்கம் பொறிக்கும் அச்சால் அடியுங்கள். வெளியில் அடித்ததை அரைத்து விடலாம். உள்ளே இருப்பது விற்பவனுக்கே தெரியாது. உறிஞ்சு குழாயையும் கால்வால்வையும் மட்டும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனால் பம்பியை எடுத்தவன் அவற்றைப் புதிதாக வாங்க வேண்டும். சிறிய தடைதான், ஆனாலும் தடை.

இரவில் எண்ணெய்த் தாங்கியை வெறுமையாக விடுங்கள். 2022இல் பலர் இழந்தது பம்பியை அல்ல, தாங்கியிலிருந்த எண்ணெயை.

மின்கம்பி, ட்ரான்ஸ்போமர் செம்பு களவெடுக்கிறார்கள். ஊரே இருளில். யாரிடம் சொல்வது?

மின்சார சபைக்கு 1987, பொலிசுக்கு 119. இரண்டுக்கும் சொல்ல வேண்டும். மின்சார சபை சரிசெய்ய வரும்போது களவென்று பதிந்திருக்க வேண்டும்.

அறுந்து கிடக்கும் கம்பியை மின்வெட்டு நேரம் என்று நம்பித் தொடாதீர்கள். பக்கத்து வீட்டு ஜெனரேற்றர் பிழையாக இணைத்திருந்தால் மின்வெட்டிலும் கம்பியில் மின் ஏறும். அட்டவணையை நம்பிக் கம்பத்தில் ஏறுபவனுக்கும் இதுவே எமன்.

செம்பு வயரைக் களவெடுத்தவன் அப்படியே விற்க மாட்டான், மேலுறையை எரித்துவிட்டுத்தான் விற்பான். வாய்க்கால் ஓரம், கைவிட்ட காணி, மயானத்துப் பக்கம் கறுப்புப் புகையும் எரிந்த பிளாஸ்ரிக் நாற்றமும் வந்தால் அதைக் கவனியுங்கள். சாம்பலில் கிடக்கும் மேலுறைத் துண்டில் அச்சிட்ட எழுத்து சில வேளை மிஞ்சியிருக்கும்.

யானை வேலியின் பற்றறி போனால்?

களவு சிறிது, விளைவு பெரிது. 12 வோல்ற் பற்றறி ஒன்று போனால் அன்றிரவே யானை வயலுக்குள் வரும், சில வேளை வீட்டுக்குள்ளும். பற்றறியை நிலத்தில் வைக்காமல் பூட்டும் காற்றோட்டமும் உள்ள இரும்புப் பெட்டியில், ஆள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். பெட்டியின் பிணைச்சல் ஆணியை வெல்டிங் செய்து ஒட்டி விடுங்கள், பூட்டை மட்டும் அல்ல. பற்றறியின் உடலில் ஊர்ப் பெயரைக் கீறி எழுதலாம். மூடியில் எழுதினால் மூடியை மாற்றி விடுவார்கள். போனது தெரிந்தவுடன் பொலிசுக்கு முன் வனசீவராசிகள் அலுவலகத்துக்கும் பக்கத்து வயல்காரருக்கும் சொல்லுங்கள். அன்றிரவு ஆள் சாகாமல் பார்ப்பது முதல் வேலை.

நெல், உரம்?

தார் றோட்டில் காயப்போட்ட நெல்லை அங்கேயே கூட்டி மூடிவிட்டுப் படுக்கப் போக வேண்டாம். மூடையைத் தைத்தபின் வாயில் நிறநூலால் உங்கள் தையல் போடுங்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நிறம் என்றால் மில்லில் பார்த்த உடனே தெரியும். மூடை எண்ணிக்கையைச் சாரதியிடம் கையெழுத்து வாங்கி ஏற்றுங்கள். வழியில் இரண்டு மூடை இறங்குவதும் களவுதான்.

உரத்துக்கு வேறு கதை. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்து, நவம்பரில் தடையை நீக்கினார்கள். அடுத்த சிறுபோகத்தில் 50 கிலோ யூரியா வெளிச்சந்தையில் 40,000 ரூபா வரை போனது. அந்த விலையில் கலப்படமும் களவும் ஒன்றாக வந்தன. பை தைத்த வாய் கையால் தைத்தது போலிருந்தால், எடை குறைந்தால், குருணல் தண்ணீரில் கரையாமல் அடியில் மண்ணாகத் தங்கினால் வாங்காதீர்கள். யூரியா முழுதாகக் கரையும். கரைந்த தண்ணீர் தொட்டால் குளிரும். கலப்படத்தைக் கமநல சேவை நிலையத்தில் மாதிரியோடு கொடுங்கள். விவசாயத் திணைக்கள இலக்கம் 1920.

வாவியில் வள்ளத்து எஞ்சினைக் கழற்றுகிறார்கள்.

எஞ்சினைப் பின்பலகையில் இறுக்கும் இரண்டு கைப்பிடித் திருகையும் ஒன்றாக மூடும் குழாய்ப்பூட்டு ஒன்று வெல்டிங் வேலைக்காரரிடம் செய்யலாம். அதோடு பலகையின் ஊடாக ஒரு போல்ற். கரையில் விட்டுப் போவதானால் எஞ்சினைக் கழற்றி வாடிக்குள் வைப்பதுதான் நல்லது. எஞ்சின் இலக்கம் அதைப் பின்பலகையில் பிடிக்கும் இரும்புப் பிடியில் இருக்கும். அதையும் கடற்றொழில் திணைக்களப் பதிவு இலக்கத்தையும் ஒரே தாளில் எழுதி வையுங்கள். ஓர் எஞ்சின் போனால் வள்ளத்தில் போகிறவர், வலைக்காரர், வீடு என்று மூன்று நான்கு அடுப்பு அணைகிறது. பொலிசுக்கு நட்டம் எழுதும்போது எஞ்சின் விலையை மட்டும் எழுதிவிட்டு வந்துவிட வேண்டாம்.

முறைப்பாடு எப்படிக் கொடுத்தால் வலுவாக இருக்கும்?

தமிழிலேயே கொடுக்கலாம். வடக்கு, கிழக்கில் நிர்வாக மொழி தமிழ். சிங்களத்தில் எழுதி “கையெழுத்துப் போடுங்க” என்றால், வாசித்து விளங்கப்படுத்தும் வரை போட வேண்டியதில்லை. எழுதிய வாக்குமூலத்தை முறைப்பாட்டாளருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பது சட்டம்.

சொல்ல வேண்டியவை: கடைசியாகப் பார்த்த நாளும் நேரமும், காணவில்லை என்று தெரிந்த நேரம், பொருளின் இலக்கம், அடையாளம், வாங்கிய விலையும் இன்றைய விலையும், யார் யார் பார்த்தார்கள் என்பது. சந்தேகம் இருந்தால் ஏன் சந்தேகம் என்பதைச் சொல்லுங்கள்: “முந்தின நாள் மாலை இன்னாருடைய லொறி வாய்க்கால் கரையில் நின்றது” என்பது தகவல். “அவன்தான் எடுத்திருப்பான்” என்பது வழக்கைக் கெடுக்கும். பிழையாக ஒருவர் பெயரைச் சொல்லிவிட்டுப் பின்பு வேறொருவர் பிடிபட்டால், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் தூக்கிப் பிடிப்பது உங்கள் முதல் வாக்குமூலத்தைத்தான்.

வெளியே வருமுன் முறைப்பாட்டு இலக்கத்தையும் பதிந்த புத்தகம், பக்கம், திகதியையும் எழுதி வாங்குங்கள். காப்புறுதிக்கும் நீதிமன்றத்துக்கும் அதன் பிரதிதான் கேட்பார்கள்.

பொலிசில் எழுத மறுத்தால்?

முதலில் பொறுப்பதிகாரியைப் பார்க்கக் கேளுங்கள். பாதி அங்கேயே தீரும். தீராவிட்டால் பிரிவுக்குரிய உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அலுவலகத்துக்கு எழுத்தில், பதிவுத்தபாலில். அதற்கும் மேல் தேசிய பொலிஸ் ஆணைக்குழு, இலக்கம் 1960. நீங்கள் போன திகதி, நேரம், பேசிய உத்தியோகத்தரின் பதவி மூன்றையும் குறித்து வைக்காமல் முறைப்பாடு செய்தால் ஒன்றும் நடக்காது. “எல்லைப் பிரச்சினை, மற்ற நிலையத்துக்குப் போங்க” என்று சொல்வது மாவட்ட எல்லையில் அடிக்கடி நடக்கிறது. பட்டி அம்பாறையில், வீடு மட்டக்களப்பில் என்றால் களவு நடந்த இடத்தை வைத்துத்தான் நிலையம்.

கள்ளனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம். கட்டி வைத்து…

கட்டி வைத்து அடித்தால் மறுநாள் விளக்கமறியலில் இருப்பது நீங்கள். கண்ணெதிரே களவு செய்பவரைப் பொதுமகன் பிடிக்கலாம், சட்டம் அனுமதிக்கிறது. பிடித்தபின் தாமதமில்லாமல் பொலிசில் ஒப்படைக்க வேண்டும். சொத்தைக் காக்கும் உரிமையும் தண்டனைச் சட்டக்கோவையில் இருக்கிறது. ஆனால் கைகட்டி உட்கார்ந்திருப்பவனை அடிப்பது காப்பு அல்ல.

நடைமுறையில் இன்னும் ஒரு நட்டம் உண்டு. அடிபட்டவனை மருத்துவமனைக்குக் கொண்டு போவார்கள், சட்ட வைத்திய அறிக்கை வரும், வழக்கு இரண்டாகும். கள்ளனின் சட்டத்தரணி “இரண்டையும் சமாதானமாக முடிப்போம்” என்பார். மாடு போனது போனதுதான்.

பிடித்தவர் யார், எங்கே, எத்தனை மணிக்கு, அவன் கையில் என்ன இருந்தது என்று இருவர் சாட்சியோடு குறியுங்கள். போட்டோ எடுத்து முகநூலில் போடாதீர்கள். அடையாள அணிவகுப்பு வைக்க வேண்டி வந்தால் அது செல்லாது போகும்.

கொட்டிலைச் சுற்றி மின்கம்பி இழுத்தால், தடக்கினால் வெடிக்கும் கட்டுத்துவக்கு வைத்தால்?

கூடவே கூடாது. இரண்டும் குற்றம். பன்றிக்கென்று இழுத்த கம்பியில் செத்தவர்களில் கள்ளனைவிட அதிகம் அண்டைவீட்டாரும், அதிகாலை தண்ணீர் பார்க்கப் போனவர்களும், சொந்தப் பிள்ளைகளும். ஆள் செத்தால் ஆட்கொலை வழக்கு. “கள்ளனுக்குத்தான் வைத்தேன்” என்பது தப்பிக்கும் பதில் அல்ல, குற்ற ஒப்புதல்.

ஊரில் இரவுக்காவல் குழு வைக்க விரும்புகிறோம்.

வையுங்கள், ஆனால் பொலிசின் சிவில் பாதுகாப்புக் குழுவோடு சேர்த்து, பெயர்ப்பட்டியல் கொடுத்து. குறைந்தது இருவர் இருவராக. டோர்ச், விசில், போன், குறிப்புப் புத்தகம். கத்தியோ பொல்லோ வேண்டாம். இருட்டில் முதல் அடி விழுவது பெரும்பாலும் நம்மவருக்கே. நேரத்தை மாற்றி மாற்றிப் போங்கள். தினமும் பத்து மணிக்கு ஒரே சுற்று என்றால் கள்ளன் பதினொன்றுக்கு வருவான். எல்லா இடத்தையும் சுற்றுவதைவிட ஊரை விட்டு லொறி வெளியேறும் இரண்டு மூன்று பாதையில் நின்று இலக்கம் எழுதுவது பயன் தரும்.

குழு கெடுவது இரண்டு விதத்தில். ஒன்று, மூன்று வாரத்தில் ஆர்வம் அடங்கி நான்கு பேர் தலையில் விழுவது. அறுவடை, முழுநிலவு இல்லாத பதினைந்து நாள் என்று காலம் குறித்து வைத்தால் தாங்கும். மற்றது, அயலூர் ஆள் என்றாலே கள்ளன் என்று நிறுத்துவது. தமிழ், முஸ்லிம், சிங்கள ஊர்கள் ஒரு வாய்க்காலுக்கு இக்கரையும் அக்கரையுமாக இருக்கும் மாவட்டங்கள் இவை. ஒரு மாட்டுக் களவு இனப்பிரச்சினையாக ஊதப்படுவது கள்ளனுக்குத்தான் வசதி. மாட்டைக் காட்டிக்கொடுப்பவர் இந்த ஊராளாகவும், லொறிக்காரர் அடுத்த ஊராளாகவும், வாங்குபவர் மூன்றாவது ஊராளாகவும் இருப்பது வழக்கம். களவில் அவர்களுக்குள் நல்ல ஒற்றுமை. பக்கத்து ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகம், கோயில் நிர்வாகம், விகாரை ஆகியவற்றின் தொலைபேசி இலக்கம் குழுவிடம் இருக்கட்டும்.

பாதி விலைக்கு நல்ல பம்பி வருகிறது. வாங்கினால் என்ன?

களவுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வைத்திருப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 394ஆம் பிரிவில் குற்றம். பாதி விலையே ஒரு காரணம்தான். பொருள் போகும், காசும் போகும், விளக்கமறியலும் சேரும்.

பழையது வாங்கத்தான் வேண்டும் என்றால்: விற்பவரின் அடையாள அட்டைப் பிரதி, முகவரி, இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டு, ஒரு சாட்சி. இலக்கத் தகடு இல்லாத இடத்தில் புது ஆணித்துளை, அரைத்த மினுக்கம், ஓரிடத்தில் மட்டும் புதுப் பெயின்ற் இருந்தால் விட்டுவிடுங்கள். இரும்பு வாங்குபவர்களுக்கும் இதே கதை. “பழைய இரும்பு, பழைய பற்றறி” என்று ஒலிபெருக்கி போட்டுக்கொண்டு வரும் முச்சக்கரவண்டிக்காரர் எல்லோரும் கள்ளர் அல்லர். ஆனால் பகலில் வந்து பார்த்த பொருள் இரவில் போனால், வண்டி இலக்கம் உங்களிடம் இருக்க வேண்டும்.

சங்கிலி அறுத்துவிட்டான்.

கழுத்தைத் தடவிக்கொண்டு நிற்காமல் மோட்டார் சைக்கிளின் கடைசி இரண்டு இலக்கத்தையாவது பாருங்கள். காயம் இருந்தால் மருத்துவமனையில் பதியுங்கள். பலாத்காரம் இருந்தால் அது வெறும் களவு அல்ல, கொள்ளை. தாலிக்கொடி, சங்கிலி எல்லாவற்றையும் தராசில் நிறுத்தபடி, கொளுக்கி தெரியும்படி இப்போதே படம் எடுத்து வையுங்கள். உருக்குமுன் பிடித்தால் அடகுக் கடைப் பதிவேட்டில் பொருத்திப் பார்க்க அது வேண்டும். போன் போனால் பெட்டியில் உள்ள ஐஎம்இஐ இலக்கம் தேவை. இப்போதே *#06# அழுத்தி எழுதி வையுங்கள்.

பிடிபட்டது பதினான்கு வயதுப் பையன். தேங்காய் எடுத்தான்.

சட்டம் அவனைப் பெரியவனாகப் பார்ப்பதில்லை. 2018 திருத்தத்தின்படி 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை செய்வது குற்றமே அல்ல. அதற்கு மேல் 18க்குள் என்றால் நன்னடத்தை உத்தியோகத்தர் வருவார். தேங்காய்க்காக ஒரு பிள்ளையைப் பொலிசுக்கு இழுப்பதா என்பதை ஊர் யோசிக்கலாம். பள்ளிக்கூடம் போகிறானா, வீட்டில் அடுப்பெரிகிறதா என்று கிராம உத்தியோகத்தர் பார்த்தால் பாதிப் பதில் அங்கே இருக்கும். ஆனால் அவனை அனுப்பிய பெரியவர் ஒருவர் இருந்தால் அது வேறு விடயம். அதை மறைக்க வேண்டாம். சிறுவர் தொடர்பான எதற்கும் 1929.

கடன்காரர் வீட்டுக்கு வந்து மிரட்டுவதும், காசு இரட்டிப்பாகும் என்பதும் இங்கே வருமா?

வரும். கடன் கட்டாதது குடியியல் விடயம். அதற்காக வீட்டுப் பொருளைத் தூக்கிப்போவது, பெண்கள் தனியாக இருக்கும்போது இரவில் வந்து நிற்பது குற்றம். பெண்கள் உதவி இலக்கம் 1938. ஆள்சேர்த்தால் காசு என்ற பிரமிட் திட்டம் வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவில் தடை. மத்திய வங்கி இலக்கம் 1935. வெளிநாட்டு வேலை என்று காசு கேட்பவரின் அனுமதிப்பத்திரத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் கேட்டபின் காசு கொடுங்கள். சுற்றுலா விசாவில் வேலை என்றால் கேட்கவே தேவையில்லை, காசு கொடுக்க வேண்டாம்.

களவு போனது பிடிபட்டது. எப்போது கையில் கிடைக்கும்?

பிடிபட்ட பொருள் சான்றுப்பொருளாக நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். வழக்கு முடியும் வரை காத்திருக்கத் தேவையில்லை; பிணைமுறியில் விடுவிக்க விண்ணப்பிக்கலாம். எந்த நீதிமன்றம் என்பது பொலிஸ் பிரிவைப் பொறுத்தது: மட்டக்களப்பு, ஏறாவூர், வாழைச்சேனை, களுவாஞ்சிகுடி, கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, பொத்துவில். உரிமைச் சீட்டு அல்லது பற்றுச்சீட்டு, அடையாள அட்டை, முறைப்பாட்டுப் பிரதி, போட்டோ கொண்டு போங்கள். மாடென்றால் அவசரம் என்று விண்ணப்பத்திலேயே எழுதுங்கள், தீனியும் பாலும் காத்திருக்காது. பொருளை விற்கவோ மாற்றவோ கூடாது, கேட்கும் நாளில் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை வரும். மாடு செத்தால் புதைக்குமுன் கால்நடை வைத்தியரின் கடிதம் எடுங்கள். இல்லாவிட்டால் பிணைத்தொகை உங்கள் தலையில்.

2022இல் போன மாட்டுக்கு இப்போது முறைப்பாடு கொடுக்கலாமா?

கொடுக்கலாம். பெரும்பாலான குற்றங்களுக்கு வழக்குத் தொடரக் காலவரையறை 20 வருடம். அன்று பதிந்திருந்தால் பழைய இலக்கத்தைச் சொல்லிப் புதுத் தகவலை அதே கோவையில் சேர்க்கக் கேளுங்கள், புதிதாக எழுதுவிக்க வேண்டாம். பதியாமல் விட்டிருந்தால் ஏன் விட்டீர்கள் என்று கேட்பார்கள். எண்ணெய் இல்லை, பயணம் இல்லை என்பது அந்த வருடத்துக்கு நம்பக்கூடிய காரணம்தான், அதையே எழுதுங்கள். அந்தக் குறியுள்ள மாடு இன்னொரு பட்டியில் நிற்பதைக் கண்டால் நீங்களே போய் அவிழ்க்க வேண்டாம். போட்டோ எடுத்துக்கொண்டு, உரிமைச் சீட்டோடு அந்தப் பொலிஸ் பிரிவுக்குப் போய்க் கால்நடை வைத்தியர் முன்னிலையில் குறி பார்க்கக் கேளுங்கள்.